மல்யுத்தத்துக்கு மைக் எதற்கு?

கேள்வி: அடிதடி மல்யுத்தம் செய்த டுவைன் ஜான்சனுக்கும் ஜான் சீனாவுக்கும் நகைச்சுவை நிகழ்ச்சி நடத்தும் வேலை எப்படிப் பொருந்தியது?

பதில்: தொழில் மாறியிருந்தால் அல்லவா பொருந்த வேண்டும்! அந்த மல்யுத்தத்தில் யார் ஜெயிப்பது என்பது முன்பே முடிவான சங்கதி. டிக்கெட்டை விற்பது குத்து அல்ல. குத்துக்கு முன் மைக்கைப் பிடித்து விடும் சவடால். 1984-லேயே மல்யுத்த வீரர் ராடி பைப்பர் 'பைப்பர்ஸ் பிட்' என்ற பேட்டிப் பகுதியை நடத்தினார். விருந்தாளி ஜிம்மி ஸ்னூக்காவின் மண்டையில் தேங்காயை உடைத்தார் (பிள்ளையார் கோவில் சிதறுகாய் தோற்றது). அந்த வழியில் வந்தவர்கள்தான் இருவரும். 'சாட்டர்டே நைட் லைவ்' என்ற நேரலை நகைச்சுவை நிகழ்ச்சியை ஜான்சன் 2000-இலும் சீனா 2016-இலும் தொகுத்து வழங்கினார்கள்.

"யாரோ எழுதிக் கொடுத்ததைத்தானே பேசுகிறார்கள்?" என்பீர்கள். வரியை எழுத்தாளர் தரலாம். எந்த இடத்தில் நிறுத்தினால் சிரிப்பு வரும் என்பது, ஆயிரக்கணக்கானவர்களின் ஏச்சை வாரந்தோறும் வாங்கியவருக்குத்தான் பிடிபடும். உடம்பே பாதி வேலையைச் செய்கிறது என்பதையும் மறுக்கவில்லை. 2024 ஆஸ்கர் மேடையில், சிறந்த ஆடை வடிவமைப்பு விருதை அறிவிக்க வந்த சீனா, ஒரே ஒரு உறையால் மானம் மறைத்து நின்றார். ஆனால் அரங்கைச் சிரிக்க வைத்தது தசை அல்ல, கூச்சத்தோடு பக்கவாட்டில் நகர்ந்த அந்த நடை.