காதில் நாவற்பழம் வளர்ப்பது எப்படி?

முதலில் நிலம் பார்க்க வேண்டும். காது மடல், நடு நெஞ்சு, தோள்பட்டை, தாடையோரம் எல்லாம் நல்ல நன்செய். உள்ளங்கையும் கண்ணிமையும் தரிசு. அங்கே மெனக்கெட வேண்டாம். கறுத்த தோலில் விளைச்சல் கூடுதல், அதற்கு எங்கள் ஊர் அரியமங்கலத்தில் பஞ்சமில்லை. அம்மாவுக்கோ சித்தப்பாவுக்கோ தடித்த தழும்பு இருந்தால் விதை வீட்டிலேயே இருக்கிறது.

அடுத்தது பருவம். தாய்மாமன் மடியில் உட்கார்த்திக் குத்திய ஓட்டை பெரும்பாலும் சமர்த்தாக ஆறிவிடும். ஆகவே பத்துப் பன்னிரண்டு வயது தாண்டும்வரை பொறுத்திருந்து, இரண்டாவது, மூன்றாவது துளை போடுங்கள். நெஞ்சில் வந்த பருவைக் கிள்ளினாலும் போதும். பிறகு மூன்று மாதம் காத்திருங்கள். சில பயிருக்கு வருஷம் ஆகும்.

முளைத்ததும் எரு. எஸ்.ஐ.டி. பஸ் ஸ்டாப்பிலிருந்து வீடு வருவதற்குள் நாலு பேர் சொல்லிவிடுவார்கள்: சுண்ணாம்பு தடவு, எருக்கம்பால் வை, தலைமுடியால் இறுக்கிக் கட்டு. எல்லாவற்றையும் செய்யுங்கள். புண்ணைச் சீண்டச் சீண்டத்தான் தோல் கொலாஜனை அள்ளிக் கொட்டும்.

விளைந்தது கீலாய்டு என்கிற வளரும் தழும்புதானா என்று அறிய வழி இருக்கிறது. சாதாரணத் தடித்த தழும்பு தன் பட்டா நிலத்துக்குள் நிற்கும். கீலாய்டு காயத்தின் எல்லையைத் தாண்டிப் பக்கத்து நிலத்தையும் வளைத்துப் போடும், எங்கள் ஊர்க் குப்பைமேடு மாதிரி. அலிபேர் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1806இல் இதைப் புற்றுநோயின் சாயல் என்றே நினைத்தார். பிறகு மனம் மாறி, நண்டின் கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பெயர் வைத்தார். இது புற்றுநோய் அல்ல. எங்கள் தெருவில் இன்னும் அலிபேரின் முதல் கட்சிதான் பலம்.

அறுவடைதான் ரொம்ப முக்கியம். வெட்டி எடுத்துவிட்டு, வேறு எதுவும் செய்யாமல் வீட்டுக்கு வந்துவிடுங்கள். பாதிக்கு மேல் திரும்ப முளைக்கும், சமயத்தில் முன்னைவிடப் பெரிதாக.

பயிர் வேண்டாம் என்கிற வீம்புக்காரர்கள் புத்தூர் அரசு மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போகலாம். ட்ரையாம்சினலோன் ஊசியைக் கட்டிக்குள்ளேயே போடுவார்கள். வலிக்கும், பொய் சொல்ல மாட்டேன். நான்கிலிருந்து ஆறு வாரத்துக்கு ஒன்று. மெல்ல அமுங்கும், அந்த இடம் கொஞ்சம் வெளுக்கலாம். கூடவே சிலிக்கான் பட்டையைத் தினமும் பன்னிரண்டு மணி நேரமாவது ஒட்டி மாசக்கணக்கில் வைத்திருக்க வேண்டும். காது என்றால் அழுத்துகிற கம்மலும் உண்டு. வெட்டினாலும் ஊசியைத் தொடர வேண்டும், அல்லது ஓரிரு நாளுக்குள் கதிர்வீச்சு.

இந்த வைத்தியத்தைக் கெடுப்பது சுலபம்: அரிப்பு நின்றதும் ஊசியை நிறுத்திவிடுங்கள். என் மூன்றாவது ஊசித் தேதியில் பெரியம்மா பெண்ணுக்குக் கல்யாணம். போகட்டும், அடுத்த மாதம் பார்க்கலாம் என்று இருந்துவிட்டேன். ஆல்பம் வந்திருக்கிறது, எல்லாப் படத்திலும் என் வலது காதுதான் தெரிகிறது.