பள்ளிக்கூட ஆராய்ச்சியாளர்

மே மாதம் பிறந்தால் திட்டக்குடிக் கடைத்தெருவில் இவரைப் பார்க்கலாம். கக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். உள்ளே மகளின் ஆதார், பிறப்புச் சான்று, சாதிச் சான்று, நாலைந்து பள்ளிகளின் வழவழ நோட்டீசுகள். பெண் பார்க்கப் போனபோதுகூட இவன் இவ்வளவு விசாரிக்கவில்லை என்பார் இவரைப் பெற்ற தாயார்.

முதல் ஆராய்ச்சி, கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இட ஒதுக்கீடு. பள்ளி வீட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டுமாம். பைக்கை எடுத்து அளந்தார், மீட்டர் 1.1 காட்டியது. பெட்டிக்கடைச் சந்து வழியாக, மாட்டுக் கொட்டகையை ஒட்டி இன்னொரு தரம் ஓட்டி 0.9-க்குக் கொண்டுவந்துவிட்டார். ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குள் இருக்க வேண்டும் என்ற வரியைப் படித்தபோதுதான், தான் பணக்காரன் என்பதே அவருக்குத் தெரிந்தது.

அடுத்து மெட்ரிக்கா, சிபிஎஸ்இயா? "2011-லேருந்து மெட்ரிக்குலயும் கவர்மெண்ட் ஸ்கூல்லயும் பத்தாவது வரைக்கும் ஒரே சமச்சீர்ப் பாடந்தானேண்ணே?" என்று டீக்கடையில் ஒரு பையன் கேட்டுவிட்டான். "பாடம் ஒண்ணுதான் தம்பி. ஷூ வேற" என்றார். சிபிஎஸ்இ தேடி பெண்ணாடம் தாண்டி விருத்தாசலம் வரை போனார். அங்கே வேன் கட்டணத்தைக் கேட்டுவிட்டு, கரும்பலகையைப் பார்க்காமலே பஸ் ஏறினார்.

அந்த பஸ்ஸில், கைபேசியில் கிடைத்ததுதான் வீட்டுக் கல்வி. பள்ளிக்கே போகாமல், 14 வயது நிரம்பியதும் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் நேராகப் பத்தாம் வகுப்பு எழுதலாம். 1989 முதல் இருக்கிற நிறுவனம்; நமக்குத்தான் இத்தனை நாள் தெரியவில்லை! அந்த ஞாயிற்றுக்கிழமையே மகளுக்குச் செயல்வழிக் கல்வி தொடங்கிற்று. விருத்தாசலம் செராமிக் பட்டறைக்கு அழைத்துப்போனார். அச்சிலிருந்து வந்த பொம்மைகள் ஈரத்தோடு வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. ஒன்றின் மூக்கை அழுத்திப் பார்த்தாள், உள்ளே போயிற்று. சுட்டு எடுத்ததை அழுத்தினாள், போகவில்லை.

"ஏம்ப்பா சுட்டா கெட்டியாவுது?"

"நெருப்புல வச்சா கெட்டியாவும் பாப்பா."

"மெழுகுவத்தி உருகுதே?"

நம்மவர் கைபேசியை எடுத்தார். சிக்னல் இல்லை. வீட்டுக் கல்வியின் முதல் பருவம் அத்துடன் முடிந்தது.

இரவு மனைவியிடம் இரண்டாம் பருவத் திட்டத்தை விளக்கினார். அவர் முருங்கைக்கீரை ஆய்ந்தபடியே கேட்டார்: "வீட்டுல வச்சுச் சொல்லிக் குடுக்கறது சரிங்க. நீங்க எப்ப வீட்டுல இருக்கீங்க?"

பதில் தேட நேரமும் தரவில்லை. "தெருக்கோடி ஒன்றியப் பள்ளியில ஒண்ணாவது சேத்துட்டேன். கால் மணி நேரம்கூட ஆவல. புத்தகம் அவங்களே குடுக்கறாங்க. காலையில டிபனும் உண்டாம். உங்க ஃபைலுல இருக்கற ஒரிஜினல மட்டும் காட்டணும், குடுங்க."

மறுநாள் டீக்கடையில் நம்மவர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். "ஜில்லாவுல இருக்கற எல்லாப் பள்ளிக்கூடத்தையும் அலசிட்டுத்தான்யா இந்த முடிவுக்கு வந்தேன்." கேட்டவர்களுக்கு மெய்சிலிர்த்தது. எல்கேஜிக்குப் பிள்ளை வைத்திருக்கும் இருவர் அப்போதே அவரிடம் ஆலோசனைக்கு நேரம் கேட்டார்கள்.

அந்த ஒன்றியப் பள்ளியின் வாசலை மட்டும் அவர் இன்னும் மிதிக்கவில்லை.