மஞ்சள்தான் ஜெயித்தது

கொச்சி கலூர் ஸ்டேடியத்தைச் சுற்றியுள்ள எந்தச் சாயாக்கடையிலும் இவரைப் பார்க்கலாம். மேலே மஞ்சள் ஜெர்சி, கீழே மடித்துக் கட்டிய முண்டு. பெயர் எதுவானாலும் 'சேட்டா' என்றால் திரும்புவார். கேரளா பிளாஸ்டர்ஸ் கால்பந்து அணி மூன்று முறை ஐ.எஸ்.எல். இறுதிப் போட்டிக்குப் போய், மூன்று முறையும் கோப்பை இல்லாமல் திரும்பியது ஊரறிந்த கணக்கு. சேட்டனின் நோட்டுப்புத்தகத்தில் அது வேறு மாதிரி எழுதப்பட்டிருக்கிறது.

தோற்ற ராத்திரி அவர் சோறு தின்ன மாட்டார். ரெஃபரியின் வம்சத்தை நாலு தலைமுறைக்கு விசாரித்துவிட்டுப் படுத்துவிடுவார். காலையில் எழும்போது அழுகை போயிருக்கும், வாதம் வந்திருக்கும்.

"2014-ல என்ன நடந்தது? 90 நிமிஷம் வரைக்கும் 0-0. அப்புறம் இன்ஜுரி டைம்ல கொல்கத்தாவோட முகமது ரஃபீக் தலையால முட்டிட்டான். 90 நிமிஷ ஆட்டம்னா 90 நிமிஷம்தானே?"

2016-ல் அதே கொல்கத்தா, இந்தத் தடவை சொந்தக் கலூரிலேயே, பெனால்ட்டியில். நமக்கு முதல் கோலை அடித்த காசர்கோட்டு முகமது ரஃபி, 2014-ல் கொல்கத்தா பக்கம் இருந்தவர். அப்போது நமக்கு ஆடிய 'ஹ்யூமேட்டன்', அதாவது கனடாக்காரர் இயன் ஹ்யூம், இப்போது கொல்கத்தா பக்கம். நம் பக்கம் வந்தவர் தோற்றார், நம்மை விட்டுப் போனவர் ஜெயித்தார். ஷூட்-அவுட்டில் ஹ்யூம் உதைத்ததை நம் கோலி தடுத்தது, நம்மேல் அவருக்கிருந்த பழைய பாசத்தால்தான் என்று சேட்டன் சத்தியமே செய்வார்.

2022-ல் கோவா ஃபடோர்டாவில் ஹைதராபாதின் வெற்றிப் பெனால்ட்டியை அடித்த ஹாலிசரண் நர்சாரியும் பழைய பிளாஸ்டர்ஸ் ஆள்தான். "நம்ம வீட்டுப் பையன் அடுத்த ஊர்ல கலெக்டர் ஆனா, பெருமை யாருக்கு?"

அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசும்போதுதான் சேட்டனின் முழுத் திறமையும் வெளிப்படும். ஹைதராபாதுக்கும் மஞ்சள்தான் நிறம். லீக்கில் அவர்கள் இரண்டு படி மேலே இருந்ததால் மஞ்சள் ஜெர்சி அவர்களுக்குப் போனது, பிளாஸ்டர்ஸ் கறுப்பில் இறங்கியது. கேரளத்திலிருந்து ராவோடு ராவாக வந்து மஞ்சளாய் நிறைந்திருந்த ஜனம், மஞ்சள் பந்தைத் தொடும்போதெல்லாம் ஊளையிட வேண்டியதாயிற்று. 68-வது நிமிடத்தில் ராகுல் கே.பி. கோல் போட்டார். இருபதே நிமிடம் சொர்க்கம். 88-ல் சாஹில் தவோரா சமன் செய்தார். ஷூட்-அவுட்டில் நிஷு குமார் உதைத்ததை ஹைதராபாத் கோலி கட்டிமணி தடுத்தார், கோட்டை விட்டு முன்னால் வந்துவிட்டார் என்று ரெஃபரி மறுபடி உதைக்கச் சொன்னார், அதையும் தடுத்தார். ஒரே பெனால்ட்டிக்கு இரண்டு தடவை துக்கம் கொண்டாடியவர்களை எனக்குத் தெரிந்து வேறெங்கும் பார்க்க முடியாது. இந்த இடம் வந்தால் சேட்டன்கூட கொஞ்ச நேரம் சாயாவை ஆற்றிக்கொண்டே இருப்பார். பிறகு கேட்பார்:

"கப்பைத் தூக்கினவன் என்ன கலர்?"

"மஞ்சள்."

"கேலரி?"

"மஞ்சள்."

"பின்னே?"

தோற்றால் டிவியை உடைக்கிற ரசிகர்களை விட இவர் எவ்வளவோ மேல், செலவு ஒரு சாயாதான். அதுவும் பெரும்பாலும் நம் செலவு. ஆனாலும் சில விஷமிகளுக்குப் பொறுக்காது. "எல்லாம் சரி சேட்டா, அலமாரியில் கப் எங்கே?" என்று கேட்டுவிடுவார்கள்.

சேட்டன் கோபப்படுவதில்லை. மீசையைத் துடைத்துக்கொள்வார்.

"நம்மளை ரெண்டு தடவை ஜெயிச்ச கொல்கத்தா எங்கே? 2020-ல மோகன் பகானோட சேர்ந்தாங்க, இப்ப பழைய பேரே இல்லை. ஹைதராபாத் எங்கே? 2025-ல டெல்லிக்குக் குடிபோயாச்சு. அடுத்த ஃபைனல்ல நம்மகிட்ட ஜெயிக்கிறதுக்கு முன்னாடி எவனும் ரெண்டு தடவை யோசிப்பான், கேட்டோ!"