கராஜ் பொருளதிகாரம்

தொல்காப்பியப் பொருளதிகாரத்தில் ஒன்பது இயல்கள் உண்டு. காதல், போர், திருமணம், மெய்ப்பாடு, உவமை, செய்யுள், மரபு என்று எல்லாவற்றையும் பேசுகிற அந்த அதிகாரம், பெயரிலேயே பொருளை வைத்துக்கொண்டு, கராஜில் சேர்ந்துபோன பொருள்களைப் பற்றி ஒரு சூத்திரம்கூடச் சொல்லவில்லை. இளம்பூரணரும் கண்டுகொள்ளவில்லை, நச்சினார்க்கினியரும் கண்டுகொள்ளவில்லை. அந்தக் குறையை நீக்குவதே இவ்வாய்வின் நோக்கம்.

ஆய்வுக் களம் மும்பை செம்பூரில், ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரத்தில், பழைய ஹவுசிங் சொசைட்டி ஒன்றின் பின்புறமுள்ள ஷட்டர் போட்ட அறை. நீளம் 18 அடி, அகலம் 9 அடி. கார் நிறுத்துவதற்கென்று கட்டியது. கார் அதில் கடைசியாக நின்றது 1998-இல். அதற்குப் பிறகு அது என் பட்டறை. பட்டறை என்பது என் சொல்வழக்கு. சொசைட்டியில் அதற்கு வேறு பெயர்கள் வழங்குகின்றன.

ஆய்வுக்கு அவசரம் வந்ததற்குக் காரணம் ரீடெவலப்மென்ட். நான்கு மாடியை இடித்துவிட்டு இருபத்திரண்டு மாடி கட்டப்போகிறார்கள். புதிய கட்டடத்தில் கராஜ் கிடையாது. காரை இரும்புத் தட்டில் ஏற்றி, தட்டின் மேல் தட்டாக இயந்திரமே அடுக்கிவிடுமாம். கராஜைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்த அன்று மாலை என் மனைவி வந்து ஷட்டரைத் தூக்கினாள். பாதி வரை ஏறி நின்றுவிட்டது. உள்ளேயிருந்து ஏதோ ஒன்று அதைப் பிடித்துக்கொண்டிருந்தது. குனிந்து பார்த்துவிட்டு, "இதுல பாதிக்கு மேல என்னன்னே உங்களுக்குத் தெரியாது" என்றாள். இவ்வாய்வின் கருதுகோள் இதுதான். அது அவளுடையது என்பதை ஆய்வு நேர்மை கருதிப் பதிவு செய்கிறேன்.

முதலில் திணை. பார்த்த மாத்திரத்தில் பாலை என்று சொல்லத் தோன்றும். பிழை. முல்லைக்குப் பெரும்பொழுது கார், சிறுபொழுது மாலை, உரிப்பொருள் இருத்தல். கராஜுக்கும் உரியது கார்; அது நிற்காவிட்டாலும் அதன் பெயரைச் சொல்லித்தான் இடம் நிற்கிறது. பணி ஓய்வு பெற்றவன் அங்கே ஒதுங்குவது மாலையில். உரிப்பொருளுக்கு விளக்கமே வேண்டாம். அங்குள்ள ஒவ்வொன்றும் இருக்கிறது. இருப்பதைத் தவிர வேறொன்றும் செய்வதில்லை. பிரிந்துபோன தலைவன் மழை தொடங்கினால் வந்துவிடுவான் என்று தலைவி காத்திருப்பது போல, 1987-இல் கழற்றி வைத்த டேபிள் ஃபேன் மோட்டார் தன் இறக்கைக்காகக் காத்திருக்கிறது. ஆகலின் கராஜ் முல்லை என்க.

அடுத்து அகழாய்வு. மண்ணடுக்கைப் படித்துக் காலம் கணிப்பார்கள் அல்லவா, அந்த முறையையே கையாண்டேன். மேலடுக்கு 2020-ஐச் சேர்ந்தது. ஊரடங்கில் வாங்கிய டிரில் மெஷின், அதன் அட்டைப்பெட்டி, பெட்டிக்குள் இருந்த தெர்மாகோல் எல்லாம் கிடைத்தன. அதற்குக் கீழே கணினிக் காலம்: தடித்த மானிட்டர், யாருக்கும் பொருந்தாத சார்ஜர்கள், பின்னிப் பிணைந்த ஒயர்கள். அதற்கும் கீழே, எல்லாவற்றுக்கும் பொதுவாக, சாம்பல் நிறத்தில் ஒரு சேற்றுப் படிவம். பாம்பேயி நகரத்துக்குக் கி.பி. 79-இன் எரிமலைச் சாம்பல் எப்படியோ, எங்கள் காம்பவுண்டுக்கு இந்தச் சேறு. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. கராஜில் முழங்கால் வரை தண்ணீர். வடிந்த பிறகு மேல் தட்டுகளைத் துடைத்தேன். கீழ்த் தட்டை 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று விட்டேன். அந்த அப்புறம் இன்னும் வரவில்லை என்பதற்குச் சேறே சான்று.

சேற்றுக்குக் கீழேயுள்ளது ஃபியட் காலம். பக்கத்துக் குர்லாவில்தான் அதைச் செய்த பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் இருந்தது. பத்மினி என்று பேர் மாற்றிய பிறகும் எங்களுக்கு அது ஃபியட்தான். கார்புரேட்டர் இரண்டு, கிளட்ச் பிளேட் ஒன்று, ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் இருக்கும் கியர் கம்பி ஒன்று, ஹப் கேப் மூன்று. நான்காவதன் வரலாறு சயான் சர்க்கிளோடு முடிகிறது. காரை விற்று இருபத்தைந்து ஆண்டுக்கு மேலாகிறது. மும்பையின் கடைசி பத்மினி டாக்சியே 2023 அக்டோபரில் ஓய்வு பெற்றுவிட்டது. அதன் உதிரி பாகங்கள் மட்டும் என்னிடம் பணியில் தொடர்கின்றன.

இங்கே ஓர் ஒப்பீடு. எங்கள் பூர்வீகம் தாமிரபரணிக் கரை. ஆதிச்சநல்லூர்த் தாழிகளில் எலும்போடு இரும்புக் கருவிகளும் கிடைத்தன. நம் முன்னோர் ஆள் போன பிறகுதான் அவனுடைய கருவிகளைப் புதைத்தார்கள். நாமோ ஆள் இருக்கும்போதே புதைத்துவிட்டு, மேலே உட்கார்ந்து டீ குடிக்கிறோம்.

கற்பியல் என்ற தலைப்பின்கீழ் நட்டும் போல்ட்டும் வரும். என்னிடம் ஹார்லிக்ஸ் பாட்டில்கள் பதினொன்று, போர்ன்விட்டா டப்பாக்கள் ஆறு, டால்டா டின் ஒன்று. அத்தனையிலும் திருகுகள். இவை ஏன் பல்லாண்டுகளாக ஜோடி சேரவில்லை என்பதற்கு விஞ்ஞானக் காரணம் உண்டு. 1841-இல் ஜோசப் விட்வொர்த் என்ற ஆங்கிலேயர் திருகுமரைக்கு முதன்முதலில் ஓர் அளவை வகுத்தார். மரையின் கோணம் 55 பாகை. பிறகு வந்த மெட்ரிக் மரைக்கு 60 பாகை. வெள்ளைக்காரன் காலத்து மெஷின்களிலிருந்து கழன்றவை ஒரு குலம், ஃபியட்டிலிருந்து கழன்றவை இன்னொரு குலம். பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். முதல் இரண்டு சுற்று இணக்கமாகப் போகும். மூன்றாவது சுற்றில் இறுகி நிற்கும். மேலும் திருகினால் இரண்டு பக்கமும் மரை கெடும். பத்துப் பொருத்தம் பார்க்கிற நம் வீடுகளில் இது புதிய செய்தியல்ல.

தொல்காப்பியர் களவை முன்னும் கற்பைப் பின்னும் வைத்தார். கராஜில் வரிசை தலைகீழ். ஜோடியாக, செட்டாக இருந்தவைதான் பிறகு களவு போகின்றன. ரிங் ஸ்பானர் செட்டில் 6-7 தொடங்கி 20-22 வரை எட்டு உருப்படிகள். என்னிடம் ஏழு உள்ளன. 1994-இல் "அஞ்சு நிமிஷம் சார்" என்று ஒருவர் 16-17-ஐ வாங்கிப் போனார். மிச்சம் ஏழையும் நான் தூக்கிப் போடாததற்கு அவரே காரணம். எட்டாவது திரும்பி வரும் நாளில் செட் வேண்டுமல்லவா?

தீர்வுகளைப் பற்றி இனி. டிராம்பே பக்கம் நான் வேலை பார்த்த ஆலையில் ஃபைவ் எஸ் என்ற ஜப்பானிய முறையைக் கட்டாயப்படுத்தினார்கள். சேய்ரி, சேய்டோன், சேய்சோ, சேய்கேட்சு, ஷிட்சுகே. வேண்டியது வேண்டாததைப் பிரி, இடம் வகுத்து வை, துடை, இந்த மூன்றையும் முறையாக்கு, முறையைப் பழக்கமாக்கு என்று பொருள். வேண்டுமா வேண்டாமா என்று ஐயம் எழுந்தால் அந்தப் பொருளில் சிவப்புச் சீட்டு கட்ட வேண்டும். குறித்த நாளுக்குள் யாரும் உரிமை கோரவில்லையென்றால் வெளியே. ஆலையில் இது நன்றாகவே நடந்தது. நானே ஒரு செக்‌ஷனுக்குப் பொறுப்பாளன். சான்றிதழ்கூட உண்டு, கராஜில் எங்கோ இருக்கிறது.

வீட்டில் சிவப்புச் சீட்டு இல்லை. மனைவி தன் ஸ்டிக்கர் பொட்டுகளைக் கொண்டுவந்தாள். சந்தேகத்துக்கு இடமானதில் எல்லாம் ஒரு பொட்டு. இரண்டு மணி நேரத்தில் நாலு அட்டைப் பொட்டு தீர்ந்தது. கிரைண்டிங் வீல், பழைய வைஸ், கார்புரேட்டர், ஃபேன் மோட்டார், எல்லாம் நெற்றியில் சிவப்போடு என்னைப் பார்த்தன. ஆயுத பூஜை அன்று இருப்பது போலவே இருந்தது. அங்கேதான் ஜப்பானிய முறை முறிந்தது. நம்மிடமும் ஆண்டுக்கொரு ஃபைவ் எஸ் உண்டு. நவமியன்று எல்லாக் கருவிகளையும் இறக்கி, துடைத்து, எண்ணெய் போட்டு, சந்தனமும் குங்குமமும் வைக்கிறோம். ஆனால் பொட்டு வாங்கிய கருவி அதோடு தெய்வமாகிவிடுகிறது; விஜயதசமிக்குப் பிறகு பழைய இடத்துக்கே ஏறிவிடுகிறது. "பொட்டு வச்சதை எப்படிங்க குப்பையில போடறது?" என்று என் மனைவியே கேட்டாள். எட்டு மெய்ப்பாடுகளில் அப்போது எனக்கு உண்டானது உவகை. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

கராஜ் இல்லாதவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்க்க மாட்டுங்காவுக்கும் போய் வந்தேன். 1896-இல் பம்பாயில் பிளேக் வந்தது. நெரிசலும் காற்றில்லாத அறைகளும்தான் குற்றவாளி என்று முடிவு செய்து 1898-இல் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் அமைத்தார்கள். அது மனை பிரித்த பகுதிகளில் தாதரும் மாட்டுங்காவும் சேரும். அகலத் தெரு, மரம், ஃபைவ் கார்டன்ஸ், காற்று உள்ளே வர ஜன்னல். நம்மவர்கள் குடியேறினார்கள். ஜன்னலுக்கு வெளியே பெட்டி போலக் கம்பி கிரில் வைத்தார்கள். அந்தப் பெட்டிக்குள் ஏணி, ஸ்டவ், ஓட்டைக் குக்கர், குழந்தையின் மூன்று சக்கர சைக்கிள். அந்தக் குழந்தைக்கு இப்போது நியூ ஜெர்சியில் சொந்தக் கராஜ் இருக்கிறது. பிளேக்கைத் துரத்தத் திறந்த ஜன்னலைக் குக்கர் வைத்து அடைத்ததுதான் மாட்டுங்கா மரபு. இதற்கு மேல் அங்கே ஆராய ஒன்றுமில்லை. ஃபில்டர் காபி குடித்துவிட்டுத் திரும்பினேன்.

தெருவில் வரும் பழைய இரும்புக்காரர், பங்கார்வாலா, ஷட்டருக்கு வெளியே நின்றபடியே மொத்தத்துக்கும் ஒரு தொகை சொன்னார். தொகை என்னை அவமதித்தது. ஒரு டெம்போ பிடித்துத் தாராவிக்கே கொண்டுபோனேன். இரண்டரைச் சதுர கிலோமீட்டருக்குள் அடங்கும் ஊர் அது. பட்டறையும் வீடும் ஒரே அறையாக இருக்கும். கீழே தொழில், மேலே மாலா என்கிற பரணில் தூக்கம். அங்கே வேண்டாத பொருள் என்று ஒன்று தங்குவதில்லை. ஒவ்வோர் அடிக்கும் வாடகை போகிறது. தோல் பதனிடப் போன திருநெல்வேலிக்காரர்களின் வாரிசுகள் நாலைந்து தலைமுறையாக அங்கே இருக்கிறார்கள். மாஹிம் பக்கத்துப் பதிமூன்றாம் காம்பவுண்டில் என் சரக்கை வாங்கியவரும் அப்படி ஒருவர்.

டெம்போவை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"மிக்ஸ் மால் அண்ணாச்சி. பிரிச்சுத் தந்தா ஒரு ரேட்டு, பிரிக்காமத் தந்தா ஒரு ரேட்டு."

"முப்பது வருஷமா பிரிக்க முடியல தம்பி."

"நாங்க பிரிச்சிருதோம். அரை மணி நேரம் உக்காருங்க."

ஒரு டால்டா டின்னைக் கவிழ்த்து உட்கார்ந்தேன். இரண்டு பையன்கள். ஒருவனிடம் காந்தமும் ஓர் அரமும். காந்தம் பிடித்தால் லோக்கண்ட் என்கிற இரும்பு. தட்டிப் பார்த்து ஓசை மந்தமாக வந்தால் பீட், அதாவது வார்ப்பிரும்பு. தகடாக இருந்தால் பத்ரா. பிடிக்காததை அரத்தால் ஓர் இழுப்பு. உள்ளே மஞ்சள் தெரிந்தால் பித்தளை, சிவப்புத் தெரிந்தால் தாம்பா. இன்னொருவன் பிளாஸ்டிக்குக்காரன். விரலால் சுண்டுகிறான், வளைக்கிறான். புரியாவிட்டால் லைட்டரால் ஓரத்தைப் பொசுக்கி மோந்து பார்க்கிறான். அதற்கும் சந்தேகம் தீரவில்லையென்றால் தண்ணீர்த் தொட்டி. பாலித்தீனும் பாலிபுரொப்பிலீனும் மிதக்கும், பிவிசி மூழ்கும். நான் படித்த பொறியியலில் அடர்த்தி என்று ஒரு பாடம் வந்தது. அதற்கு இப்படி ஒரு பயன் இருப்பதை அறுபத்தெட்டாவது வயதில்தான் கண்டேன்.

என்னிடம் ஒரு பித்தளை உருப்படி உண்டு. கைக்கு அடக்கமாக, ஒரு பக்கம் மரை, மறுபக்கம் சின்னக் கொக்கி, நடுவில் துளை. எதிலிருந்து கழன்றது என்று பலரிடம் கேட்டிருக்கிறேன். ஆளுக்கொன்று சொன்னார்கள். அதை மட்டும் சட்டைப் பையில் வைத்திருந்தேன். எடுத்து அவரிடம் நீட்டினேன்.

"இது எதுக்குன்னு தெரியுமா?"

வாங்கி அரத்தில் ஒரு தேய்ப்புத் தேய்த்தார். "பித்தளை" என்றார். குவியலில் போட்டார்.

அந்த நொடியில் ஆய்வு முடிந்துவிட்டது. நான் எல்லாவற்றையும் 'எதுக்கு' என்று கேட்டுவந்திருக்கிறேன். அவர் 'எதுல' செஞ்சது என்று கேட்கிறார். எதுக்கு என்று கேட்டால் எதற்கும் ஒரு பதில் தேடிக்கொள்ளலாம். பதில் கிடைக்காதபோது கிடைக்கும்வரை வைத்துக்கொள்ளலாம். எதுல என்ற கேள்விக்கு ஒரே பதில்தான். என் மனைவியின் கருதுகோள் மெய்ப்பட்டது. என்னவென்று தெரிந்த பொருளை நான் எப்போதோ யாருக்கோ கொடுத்துவிட்டேன். தெரியாததுதான் தங்கியிருக்கிறது.

எடை போட்டு, ரகம் வாரியாகக் கணக்கு எழுதி, பணம் தந்தார். தெருக்காரர் சொன்னதைவிட இரண்டு மடங்குக்கு மேல். டெம்போ வாடகை போகக் கொஞ்சம் மிஞ்சியது. "வாங்க அண்ணாச்சி, டீ சாப்பிட்டுப் போலாம். இந்த டின்னையும் போட்டுருதீயளா?" என்று கேட்டார். நான் உட்கார்ந்திருந்த டால்டா டின். எழுந்து கொடுத்தேன். பத்ரா.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். 1994-இல் செம்பூரில் என்னிடமிருந்து 16-17 ரிங் ஸ்பானரை வாங்கிப் போனவர் இதைப் படிக்க நேர்ந்தால், தயவுசெய்து அதைத் திருப்பிக் கொண்டுவந்துவிட வேண்டாம். மிச்சம் ஏழும் போய்விட்டன.