மேலூர் கொடுத்துவைத்த ஊர்

மதுரை மாவட்டத்துப் பேரையூர்க்காரனுக்கு மேலூரைப் பார்த்து வயிறு எரிவது புதிதல்ல. பெரியாற்றுக் கால்வாய்த் தண்ணீர் அவர்களுக்கு. வானம் பார்த்த பூமி எங்களுக்கு. நெல் அவர்களுக்கு, குதிரைவாலியும் பருத்தியும் எங்களுக்கு. இதையெல்லாம் விதி என்று விட்டுவிடலாம். 2001-இல் இன்டர்நெட்டும் அந்தப் பக்கமே போய்ச் சேர்ந்ததுதான் இன்னும் ஆறவில்லை. அதுவும் தனியாகவா வந்தது? சென்னை ஐஐடி, அமெரிக்காவின் எம்ஐடி, ஹார்வர்டு, கம்பியில்லாத் தொடர்பு கொடுக்க என்-லாக் கம்பெனி, மதுரையிலிருந்து தானம் அறக்கட்டளை என்று ஒரு பெரும் படையே ஒரே தாலுகாவுக்குள் இறங்கியது. எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில்கூட இத்தனை சம்பந்திகளை ஒரே பந்தியில் பார்த்ததில்லை.

திட்டத்தின் பெயர் ‘சாரி’. கிராமப்புற இந்தியாவுக்கு நீடித்த இணைய வசதி என்பது அதன் விரிவு. பெயரிலேயே ‘நீடித்த’ என்று போட்டுவிட்ட முன்யோசனையை மெச்சத்தான் வேண்டும். அதன் பிறகு நீடிக்க வைக்கும் வேலையை யாருக்கும் தனியாக ஒதுக்க வேண்டியிருக்கவில்லை.

வேலைப் பங்கீட்டைப் பாருங்கள், கண் கலங்கும். ஐஐடியில் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு உருவாக்கிய கார்டெக்ட் என்ற தொழில்நுட்பம். கோபுரத்துக்கும் கிராமத்து வீட்டின் ஆன்டெனாவுக்கும் நடுவே மரம், மட்டை மறைக்காமல் இருந்தால் நொடிக்கு 35 அல்லது 70 கிலோபிட். 2001-ஆம் ஆண்டுக் கணக்கில் நல்ல வேகம்தான், குறை சொல்ல மாட்டேன். பல்கலைக்கழகங்களுக்கு ஆராய்ச்சி. கம்பெனிக்கு இணைப்பு. கிராமத்துப் பையனுக்கோ பெண்ணுக்கோ ‘தொழில்முனைவோர்’ என்ற பட்டம். அந்தப் பட்டத்தோடு கம்ப்யூட்டர், பிரிண்டர், கரண்ட் போனால் தாங்கும் பேட்டரி எல்லாம் சேர்த்துச் சுமார் ஐம்பதாயிரம் ரூபாய் முதலீடு. பலர் கடன் வாங்கித்தான் போட்டார்கள். இதில்தான் கூட்டாளிகளின் பெருந்தன்மை தெரிகிறது. பெருமையை எல்லாரும் சமமாகப் பிரித்துக்கொண்டார்கள். கடனில் மட்டும் யாரும் பங்கு கேட்டு அந்தப் பிள்ளைகளைத் தொந்தரவு செய்யவில்லை.

எழுபதுக்கும் மேற்பட்ட மையங்கள் திறந்தார்கள். ஒரு கிராமத்தில் வெண்டைச் செடிக்கு நோய் வந்தது. மையத்திலிருந்து படம் எடுத்து மதுரை வேளாண் கல்லூரிக்கு மின்னஞ்சலில் அனுப்பினார்கள், மருந்து எழுதி வந்தது, பயிர் பிழைத்தது. உண்மையிலேயே நல்ல காரியம். அதற்குப் பிறகு அந்த வெண்டைக்காய் போகாத கருத்தரங்கு இல்லை. எத்தனையோ வருஷம் மதுரை மார்க்கெட்டுக்கு மூட்டையில் போன வெண்டைக்காய்க்கு இப்படியொரு மரியாதை அதற்கு முன் கிடைத்ததில்லை. இரண்டாவது வெண்டைக்காய் ஒன்று கிடைத்திருந்தால் முதலாவதன் புகழ் குறைந்திருக்கும் என்பதால்தானோ என்னவோ, அதே கதையை அத்தனை பக்தியோடு திரும்பத் திரும்பச் சொன்னார்கள்.

தாலுகா ஆபீஸ் சங்கதி இதைவிட விசேஷம். சாதிச் சான்று, வருமானச் சான்று, பிறப்பு இறப்புச் சான்று, முதியோர் பென்ஷன் மனு எல்லாவற்றையும் ஊரில் இருந்தபடியே மையத்திலிருந்து அனுப்பலாம் என்று ஏற்பாடு. பஸ் செலவு மிச்சம், ஒருநாள் கூலி மிச்சம், ஆபீஸ் வாசலில் நிற்பது மிச்சம். சனங்கள் நம்பி, மனுக்களை அனுப்பவும் ஆரம்பித்துவிட்டார்கள். ஆனால் ஆர்வம் காட்டிய அதிகாரிகளுக்கு மாறுதல் வந்தது. அடுத்து வந்தவர்களுக்குப் பயிற்சி வரவில்லை. ஓராண்டுக்குள் சேவை படுத்துவிட்டது. அரசாங்கத்தில் அதிகாரி மாறுவார் என்பது எம்ஐடிக்கும் ஹார்வர்டுக்கும் எட்டாத நுட்பமான உண்மை. மேலூர் டீக்கடையில் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். ஆனால் டீக்கடை இந்தக் கூட்டணியில் பங்குதாரர் இல்லையே. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதவரிடம் போய் ஆலோசனை கேட்பது முறையாகுமா?

2005 வாக்கில் பல மையங்கள் பூட்டிக்கிடந்தன. சாதாரண மனிதர்கள் இந்த இடத்தில் தோல்வி என்று சொல்லி ஒதுங்கியிருப்பார்கள். ஆராய்ச்சி உலகம் அப்படி எதையும் வீணாக்குவதில்லை. மைக்கேல் பெஸ்ட், ராஜேந்திர குமார் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2006-இலும் 2008-இலும் இது ஏன் நிலைக்கவில்லை என்று நேர்மையாக, நுணுக்கமாக எழுதினார்கள். வருமானம் கட்டுப்படியாகவில்லை, நிறுவனங்களின் துணை தொடரவில்லை, நடத்தியவர்களுக்குப் பயிற்சி போதவில்லை என்று காரணம் காரணமாக. படிக்க வேண்டிய கட்டுரைகள். பின்னால் வந்த கூட்டணிகள் இவற்றை எவ்வளவு மதிக்கின்றன என்றால், தம் அறிக்கையில் அடிக்குறிப்பாகச் சேர்த்துவிட்டு, அதே காரியத்தை அதே மாதிரி மறுபடியும் செய்கின்றன.

சில கூட்டணிகள் கட்டுரைகளுக்குக்கூடக் காத்திருக்கவில்லை. வேகமும் ஒரு அழகுதான். எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் முன்னின்று, அரசு, கம்பெனிகள், தொண்டு நிறுவனங்கள், பல்கலைக்கழகங்கள் எல்லாம் சேர்ந்து 2004-இல் ‘மிஷன் 2007’ என்று ஒன்றை அறிவித்தார்கள். சுதந்திரத்தின் அறுபதாம் ஆண்டுக்குள் இந்தியாவின் ஒவ்வொரு கிராமத்திலும் ஓர் அறிவு மையம். ஆறு லட்சம் கிராமம், மூன்றே வருஷம். 2007 வந்தது, சொன்ன தேதியில் தவறாமல் வந்த ஒரே பங்குதாரர் அதுதான். மையங்கள் வந்து சேர இன்னும் கொஞ்சம் அவகாசம் தேவைப்பட்டதால், இயக்கத்தின் பெயரை ‘கிராமீண் ஞான் அபியான்’ என்று மாற்றினார்கள். புதுப்பெயரில் வருஷம் கிடையாது. அனுபவத்திலிருந்து பாடம் கற்கவில்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது.

இதே சுவாமிநாதன் நிறுவனம் 1998 முதல் புதுச்சேரிப் பக்கத்தில் செய்த வேலை வேறு ரகம் என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயரக் கணிப்பை இறக்கி, வீராம்பட்டினத்து மீனவர்களுக்குக் கூம்பு ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். 2004 டிசம்பர் 26, சுனாமி நாளன்று, சிங்கப்பூரில் இருந்த நல்லவாடு கிராமத்துக்காரர் ஒருவர் ஊருக்குப் போன் போட்டு எச்சரித்தபோது, ஊரை எழுப்பிக் கரையை விட்டு ஓடச் செய்ததும் அங்கிருந்த அறிவு மையத்தின் ஒலிபெருக்கிதான். பாவம், அந்த ஒலிபெருக்கிக்கு வலைத்தளம் கிடையாது.

இந்தச் சிறப்புமிக்க வரலாற்றில் மதுரைக்கு ஒரே ஒரு தலைக்குனிவு உண்டு. அரவிந்த் கண் மருத்துவமனை. மேலூர் மையங்களிலிருந்து வெப்கேமராவில் கண்ணைப் படமெடுத்து அனுப்பும் பரிசோதனையில் அவர்களும் இருந்தார்கள். மற்றவர்களைப் போல அழகாக முடித்துவிட்டுப் போயிருக்கலாம். விடாப்பிடியாகத் தேனிப் பக்கம் போய், பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்களின் நீண்டதூர வைஃபை இணைப்பை வாங்கிக்கொண்டு, கிராமங்களில் பார்வை மையம் திறந்தார்கள். பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண்கள் கண்ணைப் பரிசோதிக்க, தூரத்திலிருந்து டாக்டர் திரையில் நோயாளியோடு பேச, கண்ணாடி தேவையென்றால் அங்கேயே கொடுத்து, அறுவை சிகிச்சை தேவையென்றால் மருத்துவமனைக்கு அனுப்பி, சிறு கட்டணமும் வாங்கி, வருஷக்கணக்காக நடத்திக்கொண்டே இருக்கிறார்கள். முன்னோடித் திட்டம் என்றால் முன்னே ஓடிப்போய்விட வேண்டும் என்ற அடிப்படை நாகரிகம் இவர்களுக்குத் தெரியவில்லை. இணைப்பு அறுந்தால் யார் சரிசெய்வது என்றுகூட முன்கூட்டியே யோசித்தார்களாம். இப்படி இருந்தால் அடுத்த திட்டத்துக்கு எப்போது இடம் விடுவது?

எங்கள் தாலுகாவில் இப்படி ஒரு சங்கடம் வராமல் பார்த்துக்கொண்டதற்குக் காலத்துக்கு நன்றி. பக்கத்து டி. கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில் காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே. சி. குமரப்பா தம் கடைசிக் காலத்தில் இருந்தார். 1960-இல் மறைந்துவிட்டார், கூட்டணிகளுக்கு நல்ல காலம். 1930 வாக்கில் குஜராத்தின் மாதர் தாலுகாவில் கிராமம் கிராமமாகப் போய், குடியானவனுக்கு என்ன வருகிறது, எதில் போகிறது என்று கணக்கெடுத்த மனிதர் அவர். அவர் முன்னால் இன்றைய திட்டங்களின் டேஷ்போர்டைத் திறந்து பச்சை வட்டம், மஞ்சள் கோடு காட்டியிருந்தால் என்னென்ன கேள்வி வந்திருக்குமோ. இந்தப் பணம் எங்கிருந்து வந்தது, ஊரில் எவ்வளவு தங்கியது, பழுதானால் யார் பார்ப்பது என்று ஆரம்பித்திருப்பார். இதற்கெல்லாம் பவர்பாயிண்டில் ஸ்லைடு இல்லை.

இப்போது கூட்டணிகளின் கலை இன்னும் முதிர்ந்திருக்கிறது. கம்ப்யூட்டர், கோபுரம் என்ற கனமான சாமானெல்லாம் போய், செயலியும் வலைத்தளமும் வந்துவிட்டன. களப்பணியாளர் டேப்லெட்டோடு வருவார். பேர், வயது, சாதி, எத்தனை ஏக்கர், எத்தனை ஆடு. போன வருஷம் வேறொரு நிறுவனம் இதையே கேட்டதே என்றால், அது வேறு பிராஜெக்ட் என்பார். ஒருவர் சேகரித்ததை இன்னொருவர் தொடுவதில்லை. அந்தரங்கத்தை அவ்வளவு மதிக்கிறார்கள், விவசாயிக்கே அவர் தகவலைத் திருப்பிக் காட்டுவதில்லை. தகவல் நகரத்துக்குப் போய் வரைபடமாகிறது. அந்த வரைபடங்கள், அவ்வை தூது போன இடத்தில் பார்த்த தொண்டைமானின் ஆயுதங்களைப் போல, ஒரு கீறல் இல்லாமல் பளபளவென்று இருக்கின்றன. இங்கே இ-சேவை மையத்துப் பெண்ணின் ரேகைக் கருவிதான் தேய்ந்து, துடைத்துத் துடைத்து வைத்தால் மூன்றாவது தடவைக்கு, வந்து நிற்கும் ஆயாவின் விரலை ஏற்றுக்கொள்கிறது. சர்வர் இல்லை என்றால் ‘சாயங்காலம் வாங்க ஆயா’ என்று அந்தப் பெண்ணே சமாதானம் சொல்கிறாள். அவள் எந்தக் கூட்டணியின் அறிக்கையிலும் வரமாட்டாள்.

திட்டக் காலம் முடிந்ததும் வலைத்தளத்தின் முகவரியைப் புதுப்பிக்காமல் விட்டுவிடும் வழக்கமும் பாராட்டுக்குரியது. கொஞ்ச நாளில் அதே முகவரியில் ஏதாவது சூதாட்டக் கம்பெனி வந்து உட்கார்ந்துகொள்ளும். இடம் காலியாக இருக்கக் கூடாது என்ற எண்ணம் எல்லாருக்கும் வராது.

ஆகவே நாங்கள் தயாராக இருக்கிறோம். அடுத்த முன்னோடித் திட்டத்துக்குப் பேரையூரைத் தேர்ந்தெடுங்கள். குத்துவிளக்கு இருக்கிறது, ஃப்ளெக்ஸ் அடிக்கும் தம்பி எத்தனை லோகோ கொடுத்தாலும் ஒரே பேனரில் அடக்கிவிடுவான். போட்டோவுக்குக் கம்ப்யூட்டரைப் பார்த்து வியக்கிற முகத்தோடு உட்காரத் தெரிந்த பாட்டிகள் உண்டு. வருகிற விருந்தாளிகளுக்குக் குதிரைவாலிச் சோறு போடுகிறோம், சிறுதானியம் என்றால் வெளிநாட்டுக்காரர்களுக்கும் பிடிக்கும். எல்லாம் முடிந்து கிளம்பும்போது, தொந்தரவு இல்லையென்றால், பாஸ்வேர்டை மட்டும் உள்ளூரில் யாரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள்.