நாய்க்கு ஊர்மாற்றமா?

கேள்வி: விடிகாலையில் பூ மார்க்கெட்டுக்குப் போகிறவர்களைத் தெருநாய்கள் துரத்துகின்றன. பிடித்துக் கொண்டுபோய் ஆலங்குடிப் பக்கம் விட்டுவிட்டால் என்ன?
– ஒரு வாசகர், கீரமங்கலம்

பதில்: ஆலங்குடிக்காரர்களும் இதையே யோசித்து வண்டி ஏற்றினால், நாய்களுக்கு ஊர் சுற்றிப் பார்த்த மாதிரி இருக்கும், நமக்குக் கடி குறையாது! 2023-ஆம் ஆண்டு விலங்கு பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள்படி, தெருநாயைப் பிடித்துக் கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். காதில் சின்ன வெட்டு தெரிந்தால் ஆபரேஷன் முடிந்த நாய். பள்ளி, ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்டு போன்ற இடங்களில் பிடித்தவற்றை மறுபடி அங்கே விடக் கூடாது என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. தெருநாயைப் பிடித்துக் கருத்தடை செய்து ஊசி போட வேண்டியது உள்ளாட்சி. ஆகவே தெருவே சேர்ந்து கையெழுத்துப் போட்டு, பேரூராட்சி அலுவலகத்தில் மனு கொடுங்கள்.

இன்னொன்று: துரத்துகிற கூட்டத்தில், ராத்திரி அவிழ்த்துவிட்ட வீட்டு நாயும் இருக்கும். அதற்கு ஊசி போட வேண்டியது வளர்ப்பவர்தான், பேரூராட்சி அல்ல.

கடித்துவிட்டால் மிளகாய்த்தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். குழாயடியில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஊசி இலவசம். ஒரு தவணையைக்கூட விடாதீர்கள். வெறிநோய் முற்றிவிட்டால் காப்பாற்ற மருந்தில்லை.