புட்டியைப் படுக்க வைத்தல்

வைன் எனப்படும் திராட்சை மதுவைப் புட்டியோடு கிடத்தி வைப்பதற்காக வீட்டிலேயே செய்யப்படும் மர அடுக்கு, அமெரிக்கப் புறநகர் வீடுகளின் கார் கொட்டகைகளில் உருவாகும் தச்சுப் பொருள்களுள் தனியிடம் உடையது. நாற்காலி கோணலாக அமைந்தால் அதில் உட்காருபவர் வாய்திறந்து சொல்லிவிடுவார் என்பதும், புட்டிக்கு அந்த வழக்கம் இல்லை என்பதும், பொழுதுபோக்குத் தச்சர் தம் முதல் முயற்சிக்கு இதையே தேர்ந்தெடுப்பதற்குப் போதுமான காரணங்கள் ஆகும்.

புட்டியை ஏன் படுக்க வைக்க வேண்டும் என்பதற்கு ஒரு காலத்தில் மறுக்க முடியாத விடை இருந்தது. போர்ச்சுகலில் மிகுதியாக வளரும் தக்கை ஓக் மரத்தின் பட்டையை ஒன்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை உரித்து, அதிலிருந்து செய்யப்படும் தக்கை, புட்டி நெடுங்காலம் நின்றபடியே இருந்தால் உலர்ந்து சுருங்கும் என்றும், அந்த இடைவெளியில் காற்றுப் புகுந்து மதுவைக் கெடுக்கும் என்றும் கண்டறிந்தவர்கள், மது எப்போதும் தக்கையை நனைத்துக்கொண்டிருக்குமாறு புட்டியைச் சாய்த்தார்கள். ஆனால் 2000ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் கிளேர் பள்ளத்தாக்கைச் சேர்ந்த உற்பத்தியாளர்கள் பலர் கூடி, தங்கள் ரீஸ்லிங் மதுவைத் திருகுமூடியிட்டு விற்கத் தொடங்கினர்; அம்மூடி நின்றாலும் கிடந்தாலும் நனைந்தாலும் காய்ந்தாலும் கவலைப்படுவதில்லை. வாங்கிய வாரத்திலேயே காலியாகும் புட்டிக்கோ எந்த மூடியானாலும் படுக்கை தேவையில்லை. இவ்வுண்மைகள் தச்சரின் ஊக்கத்தைச் சிறிதும் குறைத்ததாகத் தெரியவில்லை. லாடம் கிடைத்தவர் குதிரை தேடுவதுபோல், பலகை மிஞ்சியவர் அடுக்கு செய்கிறார், அடுக்கு செய்தவர் புட்டி வாங்குகிறார்.

இத்தொழிலுக்கு மதிப்புமிக்க முன்னோடியும் உண்டு. பிரான்சின் ரெய்ம்ஸ் நகரில் 1805இல் தம் 27ஆம் வயதில் கணவரை இழந்து, குடும்ப வணிகத்தை ஏற்று நடத்திய கிளிக்கோ அம்மையார், ஷாம்பெயினில் தங்கும் நொதிக் கசடை நீக்குவதற்காகப் புட்டிகளைத் தலைகீழாகச் சாய்த்துச் சிறிது சிறிதாகத் திருப்பும் முறையை வளர்த்தெடுத்தார். அதற்கான முதல் தாங்கி, துளையிடப்பட்ட சமையலறை மேசையே என்று மரபுவழிச் செய்தி கூறுகிறது. வீட்டு மேசையைத் துளைத்துவிட்டு விடை தேடும் எவருக்கும் இச்செய்தி பெருந்துணையாக இருக்கும். எனினும் அம்மையார் துளைத்தது தம்முடைய மேசையை என்பதை இங்கே மறக்கலாகாது.

உண்மையான இடர்ப்பாடு அளவெடுப்பில் தொடங்குகிறது. வழக்கமான புட்டியின் கொள்ளளவு 750 மில்லிலிட்டர் என்று நிலைபெற்றுவிட்டதே தவிர, அதன் இடுப்பளவை எவரும் நிலைநிறுத்தவில்லை. நேரான தோளுடைய போர்டோ புட்டி ஏறத்தாழ ஏழரை சென்டிமீட்டர் விட்டம் உடையது. சரிந்த தோளுடைய பர்கண்டிப் புட்டி அதைவிடச் சற்றுப் பருத்தது. உள்ளே அடைபட்ட வாயுவின் அழுத்தத்தைத் தாங்கத் தடித்த கண்ணாடியால் ஆன ஷாம்பெயின் புட்டியோ ஒன்பது சென்டிமீட்டரை நெருங்குகிறது. தச்சர் கையில் கிடைத்த ஒரு புட்டியை மட்டும் அளக்கிறார்; பெரும்பாலும் அது போர்டோவாக இருக்கிறது; அடுக்கு முடிந்த பின் விருந்தினர் கொண்டுவருவது பெரும்பாலும் ஷாம்பெயினாக இருக்கிறது.

புட்டியாவது தன் பருமனை மறைப்பதில்லை, பலகை மறைக்கிறது. அமெரிக்க மரக்கடையில் ஓரங்குலத் தடிமனும் நாலங்குல அகலமும் உடையதென்று பெயர் சொல்லி விற்கப்படும் பைன் பலகை, உலர்த்தி இழைக்கப்பட்ட பின் முக்கால் அங்குலத் தடிமனும் மூன்றரை அங்குல அகலமுமே உடையதாக இருப்பதால், பெயரை நம்பி வரைபடம் போட்டவர் முதல் நாளிலேயே ஏமாறுகிறார். கட்டம் கட்டமாக அமையும் அடுக்கில் இரு பலகைகளையும் பாதி அகலம் வரை வெட்டி ஒன்றினுள் ஒன்றைச் செருகுவார்கள். இதைப் பாதிவெட்டு இணைப்பு எனலாம். வெட்டின் அகலம் பலகையின் தடிமனோடு சரியாகப் பொருந்தினால்தான் அது நிற்கும். கால் அங்குலம் கூடினால் அடுக்கு முழுவதும் ஆடிமாதக் காற்றில் பந்தல் ஆடுவதுபோல் ஆடும். இது போதாதென்று, மின்வாள் ஒவ்வொரு முறை அறுக்கும்போதும் ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர் மரத்தைத் தூளாக்கித் தின்றுவிடுகிறது. ஒரே நீளப் பலகையில் பத்துத் துண்டுகளை இந்த இழப்பைக் கணக்கில் கொள்ளாமல் ஒன்றன்பின் ஒன்றாக அளந்து அறுப்பவர், இறுதித் துண்டு ஏறத்தாழ மூன்று சென்டிமீட்டர் குட்டையாக இருப்பதைக் கண்டு, அளவுகோலை ஐயத்தோடு உற்று நோக்குவது இத்துறையில் வழக்கமான காட்சி. எல்லாம் சரியாக அமைந்துவிட்டாலும், மழைக்கால ஈரத்தில் மரம் தன் இழைக்குக் குறுக்கே பருப்பதால், கோடையில் எளிதாகக் கோத்த இணைப்பு பின்னர் கொட்டாப்புளிக்கும் அசையாது.

இத்தனைக்கும் அஞ்சியவர்களுக்கென்று ஒற்றைப் பலகைத் தாங்கி இருக்கிறது. அடியை 45 பாகை சாய்வாக அறுத்து, மேற்பகுதியில் புட்டியின் கழுத்து நுழையும் அளவுக்கு ஒரு துளையிட்டால் வேலை முடிந்தது. பலகை ஒரு பக்கம் சாய, புட்டியின் பருத்த உடல் எதிர்ப்பக்கம் நீள, இரண்டின் கூட்டு எடைமையம், அதாவது மொத்த எடையும் திரண்டு நிற்பதாகக் கொள்ளப்படும் புள்ளி, பலகையின் அடிக்கு நேர்மேலே வந்து அமைவதால், ஆணியோ பசையோ இல்லாமலே இரண்டும் அந்தரத்தில் நிற்பதுபோல் தோன்றுகின்றன. குடிப்பவர் புட்டியால் விழுகிறார். இப்பலகையோ புட்டி இல்லாவிட்டால் விழுகிறது. திறந்த புட்டியைத் துளையில் திரும்பச் செருகினால் மது மேசையில் ஓடும் என்பதால், அன்றைய விருந்து தொடங்கிய நொடி முதல் பலகை தரையில் கிடக்கிறது. அதை மீண்டும் நிறுத்தியாக வேண்டும் என்ற ஒரே பொறுப்புணர்ச்சியோடு, தச்சர் மறுநாள் மாலையே கடைக்குப் புறப்படுகிறார்.